ஜாடி உடைந்தது, நான் உடைக்கவில்லை

அன்பு மகள் சுபாஷிணிக்கு,

சுள்ளிக்கலில் நானும் அப்பாவும் சுகம், டப்ளின் குளிரில் உன் இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டுவலி கொஞ்சம் குறைவு. நீ கோபத்தில் போனை வைத்துவிட்டாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

ஜூ டவுன் கடையில் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது அலமாரியின் கால் ஒடிந்து பெரிய பீங்கான் ஜாடி விழுந்தது. என் கை அதன் பக்கத்தில்கூட இல்லை. கால் செல்லரித்திருக்கிறது என்று மேனேஜர் ஹரிஷங்கரிடம் வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தேன். அவர் ஓர் ஆங்கிலக் காகிதத்தை நீட்டி, "ஒண்ணும் இல்ல சேச்சி, ஜாடி உடைஞ்சதுன்னுதான் எழுதியிருக்கு, ஒரு கையெழுத்து போட்டா மதி, அது போதும்" என்றார். வாசித்தேன். 'இசக்கிசெல்வி ப்ரோக் தி ஜார்' என்றிருந்தது. "சாரே, இது நான் உடைச்சேன்னுல்லா இருக்கு" என்றேன். ரெண்டுக்கும் ப்ரோக் தானே என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்தாம் வகுப்புப் பாடத்துக்குப் போகிறேனே, அங்கே மாதுரி டீச்சர் போன மாதம்தான் இதை நடத்தினாள். வினைச்சொல்லைப் பார்த்து 'எதை' என்று கேட்க வேண்டுமாம். இசக்கிசெல்வி எதை உடைத்தாள், ஜாடியை. பதில் வந்தால் அது ட்ரான்ஸிட்டிவ். 'தி ஜார் ப்ரோக்' என்றால் எதை என்று கேட்க இடமே இல்லை, ஜாடி உடைந்தது, அவ்வளவுதான், அது இன்ட்ரான்ஸிட்டிவ். நமக்கு உடைத்தது வேறு உடைந்தது வேறு, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், அந்த இடுக்கில்தான் என்னை மாட்டப் பார்த்தார்.

என் பெயரை அடித்துவிட்டு 'தி ஜார் ப்ரோக். தி ஷெல்ஃப் வாஸ் பேட். ஐ டோல்ட் ஹரிஷங்கர்' என்று எழுதிக் கொடுத்தேன். நாளை முதல் வர வேண்டாம் என்றார். அன்று மாலைதான் உனக்குப் போன் செய்தேன், பேசாமல் கையெழுத்துப் போடு, இந்த வயதில் வேறு வேலை யார் தருவார் என்றாய். எனக்குப் பயமில்லாமல் இல்லை. ஆனாலும் செய்யாததைச் செய்தேன் என்று என் கையால் எழுதமாட்டேன். மறுநாளும் போய்க் கடை வாசலில் நின்றேன். முதலாளி வெங்கிடாசலம் வந்து காகிதத்தைப் படித்தார், அலமாரியின் இன்னொரு காலை விரலால் அழுத்தினார், மரம் மாவாக உதிர்ந்தது. உள்ளே போய் வேலையைப் பாருங்கள் என்றார். ஹரிஷங்கர் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. எல்லா நலமும் உனக்கு வந்து சேரட்டும். இனி ஞாயிறு காலையில் போன் செய்யாதே, எடுக்கமாட்டேன், வகுப்பில் இருப்பேன்.

உன் அம்மா,
இசக்கிசெல்வி