அப்பா கரப்பானில் முதலீடு செய்கிறார்

ஜூன் 4, புதன்

அப்பா இன்று கரப்பான்பூச்சியைப் பற்றி மிகுந்த மரியாதையோடு பேசினார். "அது இருக்கிற வரைக்கும் இந்தத் தொழிலுக்கு அழிவே இல்ல." நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகு சாப்பிடவில்லை.

பிஸ்கட் தொழிற்சாலையை மூடி, கையில் செட்டில்மெண்ட் பணத்தைக் கொடுத்து அவரை அனுப்பியதிலிருந்தே இந்த வீட்டில் எதுவும் நடக்கலாம் என்று தெரியும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே தரப் பரிசோதகர். இப்போது பிஸ்கட் இல்லை, எங்களைப் பரிசோதிக்கிறார். நேற்று நான் மடித்த போர்வை நிராகரிக்கப்பட்டது. மூலை சேரலையாம்.

ஜூன் 5

விவரம் கிடைத்துவிட்டது. பூச்சி ஒழிப்பு ஃபிரான்சைஸ். அதாவது, ஒரு கம்பெனியின் பெயரை நாம் காசு கொடுத்து வாங்க வேண்டும். அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர்கள் மருந்தை அவர்களிடமே வாங்கி, ஊரார் வீட்டில் அடிக்க வேண்டும். மாதாமாதம் அவர்களுக்குப் பங்கும் கட்ட வேண்டும். இதற்குப் பெயர் சொந்தத் தொழில்.

செட்டில்மெண்ட் பணம் மொத்தமும் இதற்குள் போகும். வேறு பணம் நமக்குக் கிடையாது.

அம்மாவுக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் வேலை. நாள் முழுக்க "வாயைத் திறங்க" என்ற சத்தத்துக்கு நடுவே இருப்பவள். இரண்டு நாளாக அவளே வாயைத் திறக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 7, சனி

கம்பெனியிலிருந்து டைக்காரர் வந்தார். இந்த வெயிலில் அந்த டை கட்டிய கழுத்துக்கே விருது கொடுக்கலாம்.

"சார், எங்ககூட சேர்ந்த நாள்லேருந்து நீங்க முதலாளி. ஒரு பூச்சி காட்டுங்க, எங்க மருந்தோட பவரைக் காட்டறேன்."

எங்கள் வீட்டில் பூச்சியா? அப்பா இருக்கும் சமையலறையில் குடியேற எந்தக் கரப்பானுக்கும் தகுதி பத்தாது. டைக்காரர் டார்ச்சோடு தரையில் தவழ்ந்து தேடினார். பாவமாகிவிட்டது. என்னிடம் ஒரு ரப்பர் கரப்பான் உண்டு, பள்ளிக்கூடத்தில் பல பேரை நாற்காலி மேல் ஏற்றிய அனுபவசாலி. அடுப்புக்குப் பின்னால் மெதுவாக வைத்துவிட்டு வந்தேன்.

புஸ் என்று ஒரே அடி. "பாத்தீங்களா, அசையறதுக்குக்கூட டைம் குடுக்கல."

அப்பா அதைக் காகிதத்தால் எடுத்து, புரட்டி, வயிற்றைப் பார்த்தார். "இதுல அச்சுல வார்த்த கோடு தெரியுதே."

அம்மா சிரித்தாள். நானும். அப்பா சிரிக்கவில்லை. டைக்காரர் போன பிறகு என்னிடம், "உனக்கு எல்லாம் விளையாட்டு. இந்த வயசுல எனக்கு எவன் வேலை குடுப்பான், சொல்லு?"

எனக்குத் தெரியாத கேள்விக்கு நான் எப்பவும் ஜோக் அடிப்பேன். இன்னிக்கு ரப்பர் கரப்பானை எடுத்துக் கழுவப் போயிட்டேன்.

ஜூன் 9

அப்பா கண்ணாடி முன்னால் நின்று "வணக்கம்மா, பூச்சி இருக்கா?" என்று பழகுகிறார். பூச்சியை விலைக்கு வாங்க வந்தவர் மாதிரியே கேட்கிறது.

ஜூன் 12, வியாழன்

அம்மா கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் அந்த வேலையைச் செஞ்சு பாத்துட்டு வாங்க." துணைக்கு என்னையும் அனுப்பினாள். காலேஜ் திறக்கிற வரைக்கும் விடுமுறைதானே. எனக்குத் தனியாக ஒரு உத்தரவு: "எங்கயாவது கையெழுத்துப் போடப் போனா பேனாவை ஒளிச்சிடுடி."

ஏற்கெனவே ஃபிரான்சைஸ் எடுத்த ஒருவரோடு போனோம். அவருக்குத் தன் மருந்தே ஒத்துக்கொள்ளாது, தும்மிக்கொண்டே அடிக்கிறார். நான் வைத்த பெயர் தும்மல் அண்ணன்.

ஒரு டீச்சரம்மாவின் சமையலறை. அண்ணன் நாலு மூலையில் அடித்தார், அலமாரி ஓரத்தில் பசை மாதிரி ஏதோ பொட்டு வைத்தார், மூன்று தும்மல், வேலை முடிந்தது. "நீங்க இங்கயே இருங்க சார், மேல் வீட்டை முடிச்சிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்."

அப்பாவைச் சும்மா இருக்கச் சொன்னது அவருடைய தப்பு. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்தவர் நிமிரவே இல்லை. குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் ஓட்டை. இணைப்பில் சொட்டு. என்னைக் கடைக்கு விரட்டி வெள்ளை சிமெண்ட், வலை, குழாயில் சுற்றும் நாடா எல்லாம் வாங்கி வரச் சொன்னார். ஓட்டையெல்லாம் அடைத்தார். சொட்டுவதை நிறுத்தினார். கழிவுநீர் வாய்க்கு வலை கட்டினார். "கதவு திறந்திருந்தா யாரும் வரத்தான் செய்வாங்க, அதுக்கு ஏன் விஷம்" என்று டீச்சரம்மாவிடம் வகுப்பு வேறு.

நடுவில் விசில் அடித்தார். அப்பாவுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

ஜூன் 13

"இது நமக்கு வரும்டி." மாதக் கடைசியில் கையெழுத்து. அம்மா பாஸ்புக்கை மேஜை மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

ஜூன் 28, சனி

தும்மல் அண்ணன் வீடு தேடி வந்தார். உட்காரவில்லை.

டீச்சரம்மா வருஷ ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டாராம். ஒரு பூச்சிகூட இல்லையே, மாசாமாசம் எதுக்கு வரணும் என்று கேட்டாராம். எதிர்வீடும் அப்பா செய்ததை எட்டிப் பார்த்து, தானே அடைத்துக்கொண்டு, அதுவும் ரத்து.

அப்பாவுக்குப் புரியவில்லை. "நல்லதுதானே தம்பி? நீங்க பாக்காம விட்ட ஓட்டை—"

"நான் பாக்கலேன்னா நினைச்சீங்க? அந்த ஓட்டைதான் சார் எனக்குச் சம்பளம்."

மீதியையும் அவரே சொன்னார். விற்றாலும் விற்காவிட்டாலும் கம்பெனி மருந்தை வாங்கியே தீரணும். பங்கு ஒரு மாதம் தவறினால் ஏரியாவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அப்பா மன்னிப்புக் கேட்டார். அம்மா டீ கொண்டுவந்து கொடுத்தாள். பாதி டீயில் அண்ணன் சொன்னார்: "நீங்க சேந்தா எனக்கு ஒரு மாசப் பங்கு தள்ளுபடி. அதுக்குத்தான் அன்னிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போனேன். சேராதீங்க சார். உங்களுக்கு இது வராது."

அந்தக் கடைசி வார்த்தை. அப்பா முகத்தைப் பாக்க முடியலை.

ஜூன் 30, திங்கள்

டைக்காரர் காகிதங்களோடு ஆஜர். எங்கெங்கே கையெழுத்து என்று பெருக்கல் குறி போட்டே கொண்டுவந்திருந்தார். என்ன அக்கறை.

அப்பா பேனாவைத் திறந்தார். ஒளித்து வைக்க மறந்துபோனேன். என் வேலையே அது ஒன்றுதான்.

"ஒரே ஒரு சந்தேகம். ஒரு வீட்டுல பூச்சி மொத்தமா போயிடுச்சுன்னா, உங்க கணக்குல அது லாபமா நஷ்டமா?"

"நஷ்டம்னு நாங்க சொல்றதில்ல சார். வாடிக்கையாளர் இழப்புன்னு சொல்வோம்."

அப்பா பேனாவை மூடினார்.

ஜூலை 3

நியாயமாகப் பார்த்தால் கொண்டாட வேண்டும். பணம் பிழைத்தது. ஆனால் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழுந்திருக்கிறார். வேண்டுமென்றே என் போர்வையைச் சுருட்டி நடு ஹாலில் போட்டேன். தாண்டிப் போனார்.

திட்டுங்கப்பா. ஒரு தடவை திட்டுங்களேன்.

ஜூலை 6, ஞாயிறு

டீச்சரம்மா போன் செய்தார். தங்கை வீட்டிலும் அதே தொல்லையாம், சார் வந்து அடைத்துத் தருவாரா, எவ்வளவு வாங்குவார்?

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"போயிட்டு வாங்க" என்றாள் அம்மா. "சிமெண்டுக்கு என்கிட்ட கேளுங்க. பாஸ்புக் பக்கம் மட்டும் போகாதீங்க."

ஜூலை 12, சனி

தங்கை வீடு முடிந்தது. காலையில் போனவர்கள் சாயங்காலம்தான் நிமிர்ந்தோம். நான் சிமெண்ட் குழைத்தேன். இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டது, தண்ணி அதிகமாம். மூன்றாவதைத் தொட்டுப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

பணம் கொடுக்கும்போது அந்த அம்மா கேட்டார்: "வருஷத்துக்குன்னு ஏதாவது ஒப்பந்தம் போட்டுக்கலாமா?"

"வேண்டாம்மா. தேவைப்படாது."

வெளியே வந்து கதவு மூடியதும் பிடித்துக்கொண்டேன். "இப்படிச் சொன்னா தொழில் எப்படிப்பா நடக்கும்?"

அப்பா வாளியைக் கை மாற்றிக்கொண்டார். "ஏன், பக்கத்து வீடு இல்லையா?"

போய் பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். வழக்கமாக அடித்துவிட்டு ஓடிவிடுவேன். இன்றைக்கு நின்றேன்.