என் அடுக்களையில் உடைந்த முட்டைகள்

மட்டாஞ்சேரி,
9-3-1981

அன்பு மகள் கங்காவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், படியேறும்போது மட்டும் முட்டி வலிக்கிறது. ஜெர்மனியில் பனி குறைந்திருக்கும், நீயும் உன் கணவர் லாசரும் குழந்தை சுஜாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் ஒன்றைச் சரிசெய்துவிடுகிறேன். நான் வேதத்தில் சேர்ந்துவிட்டதாகக் களமசேரிவரை பேச்சுப் போயிருக்கிறது. உன் சித்தப்பா மகன் சுப்புராஜ் அங்கிருந்து லீவு போட்டு வந்து, "பெரியம்மா, ஞானஸ்நானம் ஆயிடுச்சா, இனிமேத்தானா?" என்று வாசலில் நின்றே கேட்டான். உனக்கும் எழுதியிருப்பான், நம்பாதே. இன்றைக்கும் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஆனால் நம் குப்பைக்குழியில் முட்டை ஓடு கிடந்ததாக உன் அத்தை ஆவுடையம்மாள் சொல்லித் திரிகிறாளே, அது உண்மை. உடைத்தது நான்தான்.

நீ பக்கத்து வீட்டு ஓமனாவுக்கு எழுதிய கடிதத்தை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். சித்திரையில் வருகிறீர்கள், போர்ட் கொச்சியில் ஹோட்டலில் தங்கப் போகிறீர்கள், குழந்தைக்கு ஞாயிறு காலை பான்கேக் இல்லாமல் முடியாது, அம்மா வீட்டுக்குள் முட்டை நுழையாது என்றெல்லாம் எழுதியிருந்தாய். இதை எனக்கே எழுதியிருக்கலாம், எனக்கு வருவது புத்தாண்டு அட்டை ஒன்றுதான். கான்வென்டில் படித்தவள் நான், பான்கேக் தெரியாதவள் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை, அவர்கள் நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள் சிஸ்டர்கள் சுட்டுத் தருவார்கள், சைவப் பிள்ளைகள் எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பூவன்பழம் கொடுத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்த்துவார்கள், வாசனை மட்டும் வரும். அந்த வாசனையை நம்பி இறங்கியதுதான் தப்பு. ஓமனா தன் கோழி இட்ட இரண்டு முட்டை தந்தாள். மைதா, பால், சர்க்கரை, உப்பு எல்லாம் சேர்த்து, மாவு என்றால் பொங்க வேண்டாமா என்று, தோசைக்குச் செய்வதுபோல முந்தின சாயங்காலமே கரைத்து மூடிவைத்தேன். காலையில் திறந்தபோது அடித்த நாற்றத்தில் பூனைகூட நிற்கவில்லை. ஓமனா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்டம்மே, முட்டை ஒடச்சு ஊத்தி ஆரெங்கிலும் புளிக்க வைக்குமோ? பிள்ளையக் கொல்லவா?" என்று சிரித்தாள். அவள் சிரிப்பு நின்றதும் இன்னும் இரண்டு முட்டை கேட்டு வாங்கினேன்.

இந்த முறை அரைமணி நேரம்தான் வைத்தேன். பின்பக்கம் துவைகல்லின் அருகில் ஸ்டவ்வை வைத்து, புதுச் சட்டியில் சுட்டேன், உள்ளே கொண்டுபோக மனம் வரவில்லை. ஓமனா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பிள்ளைக்கும் இங்க வெளியில இருத்தித்தானோ கொடுக்கும், அம்மே?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குக் கை நின்றுவிட்டது, சட்டியில் இருந்தது கருகிப்போனது. லாசர் உன்னைக் கேட்டு வந்த அன்று காப்பியை வராந்தாவில் தனி டம்ளரில் கொண்டுபோய் வைத்தேன். அவர் குடித்துவிட்டு, குழாயடியில் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். நீ ஜன்னலில் நின்று பார்த்தாய். கல்யாணமாகி நீ போன இந்த ஏழு வருஷத்தில் நீயும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் செய்தது தப்பு, கங்கா.

ஸ்டவ்வை அணைத்துத் தூக்கி அடுக்களைக்குள் வைத்தேன். இதில் ஒரு கரண்டி மாவை ஊற்றினால் தோசைபோலத் தேய்க்கக் கூடாது, சட்டியைச் சாய்த்துச் சுற்ற வேண்டும், என் கை தேய்க்கப் போனபோதெல்லாம் ஓமனா தட்டிவிட்டாள். போர்ட் கொச்சிக்காரர்கள் செய்வதுபோலத் தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலம் வைத்துச் சுருட்டினோம். அவளும் அவள் மாமியாருமாகப் பதினொன்று தின்றார்கள். நான் தின்னவில்லை, தின்னப் போவதுமில்லை, யாரும் என்னை வற்புறுத்த வேண்டாம். சுட்டுப் போடுவேன். உன் அத்தை குடையோடு வந்து, "அண்ணன் இருந்திருந்தா இது நடக்குமா மதினி?" என்றாள். உன் அப்பா அந்தக் கல்யாணத்துக்கு அன்றைக்கே சரி என்றார், மறித்தவள் நான் என்று சொன்னேன். உட்காராமலே போய்விட்டாள். போகட்டும்.

நீங்கள் வந்த மறுநாள் காலைப் பலகாரம் இதுதான். மாப்பிள்ளைக்கும் உள்ளே மேஜையில், எல்லோருக்கும் வைக்கிற அதே தட்டில். மாடி அறை ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். குழந்தைக்குத் தேங்காய் பிடிக்குமா, தேன் வேண்டுமா என்று அவளையே கேள். நீ ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே, உனக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும். மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும், மாப்பிள்ளை கும்பிடுகிற வல்லார்பாடத்து மாதாவும் கூட நிற்கட்டும், இது தெரிந்து சுப்புராஜ் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். ஓமனா மூலம் சொல்லியனுப்ப வேண்டாம். வீட்டில் தங்குகிறீர்களா இல்லையா என்று என் பெயருக்குக் கடிதம் எழுது.

உன் அம்மா,
பாக்கியலக்ஷ்மி