பாலத்துக்குக் காவல் கேட்டு ஒரு ஓட்டு

அண்ணி,

இன்று காலை வங்கியில் காத்திருந்தபோது கரண்ட் போனது. மேசைக்கடியில் இருந்த யு.பி.எஸ். பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. வரிசையில் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் "ஜல்தி பாப்பா" என்று நீங்கள் பின்னாலிருந்து சொல்வது போலவே இருந்தது.

திண்டிவனத்தில் அண்ணன் பிரவுசிங் சென்டர் நடத்திய காலம். நீங்கள் விழுப்புரத்திலிருந்து வாழ வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மதியம் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனதும் கடை நம் இருவருக்குமானது. யாரோ கணினியில் திறந்து வைத்துவிட்டுப் போன அந்த விளையாட்டை நீங்கள்தான் முதலில் தொட்டீர்கள். கோட்டைகள், காடுகள், மந்திரவாதிகள், எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து விளையாடும் ஆட்கள். நாம் இருவரும் சேர்ந்து ஒரே ஒருத்தியை உருவாக்கினோம். வேர்க்கடலையை நம் ஊரில் சொல்வதுபோல், அவளுக்கு மல்லாட்டை ராணி என்று நீங்கள் பெயர் வைத்தபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். "திண்டிவனத்து ராணிக்கு வேற இன்னா பேரு வெப்பாங்க?" என்றீர்கள்.

நம் ராணி மூலிகை பறித்துச் சந்தையில் விற்றாள். காட்டிலிருந்து கோட்டைக்குள் வர ஒரே பாலம். அங்கே பதுங்கியிருக்கும் மற்ற ஆட்டக்காரர்கள், புதிதாக வருபவர்களை வெட்டிச் சாய்த்து, கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொள்வார்கள். முதல் வாரம் முழுக்க நாம் அங்கேதான் செத்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு பெரிய படைக்குழுவில் சேர்ந்தோம். அதன் தலைவன் வேங்கை நமக்கு ஒரு வெள்ளைக் குதிரை கொடுத்தான். அதில் பாய்ந்து போனால் எந்தத் திருடனுக்கும் அகப்பட மாட்டோம்.

அப்போதுதான் தேர்தல் வந்தது. கோட்டைத் தலைவரை ஆட்டக்காரர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். காவல் வீரர்களை எங்கே நிறுத்துவது என்பது அவர் முடிவு. நம் இருவருக்கும் ஒரே ராணி, அதனால் ஒரே ஓட்டுதான். வேங்கை நின்றான். எதிரே, ஆற்றில் மீன் பிடித்து விற்கும் ஓடக்காரர் என்பவர் நின்றார்.

"வேங்கைக்குத்தான் போடணும் அண்ணி. குதிரை குடுத்துருக்காரே."

"இரு, ரெண்டு பேரையும் கேட்டுப் பாக்கலாம்."

அகராதியைப் புரட்டிப் புரட்டி ஆங்கிலத்தில் ஒரே கேள்வியை இருவருக்கும் அனுப்பினீர்கள். நேற்று விளையாட வந்தவள் பாலத்தில் செத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

வேங்கை உடனே பதில் போட்டான். உங்களிடம்தான் குதிரை இருக்கிறதே, உங்களுக்கு ஏன் அந்தக் கவலை?

ஓடக்காரரின் பதில் மறுநாள் வந்தது. சந்தையில் நிற்கும் காவலைப் பாலத்துக்கு மாற்றுவேன். உங்கள் மூலிகைக் கடையும் சந்தையில்தான் இருக்கிறது, அங்கே இனிமேல் திருட்டு நடக்கலாம் என்று எழுதியிருந்தார்.

"நம்ம கடை போயிடும்னு அவரே சொல்றாரு அண்ணி."

"ஓட்டுக் கேக்கறப்பவே சொல்றாரு பாரு பாப்பா. எனக்கு அதான் புடிச்சுது."

அடுப்படியிலும் மாடியில் துணி காயப்போடும்போதும் அதே சண்டைதான். அண்ணன் கேட்டுவிட்டு, "உங்க ரெண்டு பேரோட ஒரே பேஜாரு" என்றார்.

வாக்குப்பதிவின் கடைசி நாள், மாலை ஆறு மணிக்கு முடிகிறது. மதியமே கரண்ட் போய்விட்டது. ராத்திரிதான் வரும் என்றார் எதிர் டீக்கடைக்காரர். யு.பி.எஸ். கத்திக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில் நாம் ஓட்டுப் போட்டிருக்கலாம். ஆனால் யாருக்கு என்று அடித்துக்கொண்டே இருந்தோம். திரை இருண்டது.

"விழுப்புரத்துல கரண்டு இருக்கும். எங்கம்மா வீட்டாண்ட ஒரு சென்டர் இருக்குது" என்றீர்கள். அண்ணனிடம் அம்மாவைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, வீட்டு வேலையை முடித்து, நாலரை மணிக்குத்தான் கிடைத்த பஸ்ஸில் ஏறினோம்.

பஸ்ஸிலும் விடவில்லை. மூன்று பேர் இருக்கையில் ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எந்த வார்டுங்க?" என்றார்.

நீங்கள் முகம் மாறாமல், "கோட்டை வார்டுங்க" என்றீர்கள்.

"குதிரையா குடுத்தாரு?"

"நல்ல வெள்ளைக் குதிரைங்க."

அந்த அம்மா யோசித்தார். "அப்போ அவருக்கே போட்டுடுங்க. நமக்குக் குடுத்தவருக்குத்தானே போடணும்? பாலத்துல எவளோ செத்தா நமக்கு இன்னா?"

நான் இத்தனை நாளாகச் சொன்னதும் அதுதான். இன்னொருவர் வாயால் கேட்டபோது எனக்கே கூசியது. முதல் வாரத்தில் அந்தப் பாலத்தின் மேல் குப்புற விழுந்து கிடந்த நம் ராணி கண்முன் வந்தாள். நீங்கள் என்னை மடக்கியிருக்கலாம். ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தீர்கள். விக்கிரவாண்டி தாண்டியதும் நானே சொன்னேன். "ஓடக்காரருக்கே போடலாம் அண்ணி."

விழுப்புரத்தில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினோமே! சென்டரில் ஒரு இடமும் காலியில்லை. ஏதோ வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தவரிடம் போய், "அண்ணே, ஒரு ஓட்டு மட்டும் போட்டுக்கறோம், ஆறு மணிக்கு முடிஞ்சிடும்" என்றீர்கள். மூச்சு வாங்கியதைப் பார்த்தோ என்னவோ அவர் எழுந்துகொண்டார். பக்கம் திறக்கிறது, திறக்கிறது, திறந்துகொண்டே இருக்கிறது. மௌஸின் மேல் உங்கள் கை, அதன் மேல் என் கை. அழுத்தினோம். ஓட்டு ஏற்கப்பட்டது என்று வந்ததும், இடம் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றவர், "ஜெயிச்சிட்டீங்களா?" என்றார்.

ஜெயித்தோம். மறுநாள் முடிவு வந்தது. ஓடக்காரர்தான் கோட்டைத் தலைவர். யார் யாருக்குப் போட்டார்கள் என்பதும் வெளியே தெரிந்தது. வேங்கை நம்மைக் குழுவிலிருந்து விரட்டிக் குதிரையைப் பிடுங்கிக்கொண்டான். ராணி நடந்தே பாலத்துக்குப் போனாள். இரு பக்கமும் ஈட்டியோடு காவலர்கள். நடுவில் அன்றுதான் விளையாட வந்த ஒருத்தி நகராமல் நின்றாள். பிறகு மெல்ல நடந்து கோட்டைக்குள் போனாள். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போறா பாரு, போறா பாரு பாப்பா" என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. நம் மூலிகைக் கடையில் அந்த வாரமே திருட்டுப் போனது. "சொல்லித்தானே ஓட்டு வாங்கினாரு" என்று சிரித்தீர்கள்.

நீங்கள் நோயில் படுத்தபோதும் அதைச் சொன்னால் முகம் மலரும். நீங்கள் போன பிறகு சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

ஆனால் கேட்கிறேன், அண்ணி. ஓட்டுக் கேட்டு யார் வாசலுக்கு வந்தாலும், உங்களால் எனக்கு என்ன நட்டம் என்று கேட்கிறேன். பெரும்பாலும் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். போன பஞ்சாயத்துத் தேர்தலில் ஒருத்தி மட்டும் நின்று யோசித்தாள். "மேட்டுத் தெருவுக்குத் தண்ணியே ஏறலக்கா. அவங்களுக்கு விட்டா உங்க தெருவுக்குக் கொஞ்சம் கொறையும்" என்றாள்.

வாக்குப்பதிவு அன்று காலை, குடங்களைக்கூட நிரப்பாமல் ஓட்டமும் நடையுமாகப் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றேன்.