குருதி இழந்து பிழைத்தவரும் நிறுத்தவேண்டிய இரும்பு மருந்தும்

திரு ஓங்குக! மாரி பிழையாது பொழிக! செங்குன்ற நாடாளும் அரசர் பெருமான் திருவாணைப்படி, அமைச்சர் கீரனார், குறுமலைக் கோட்டைத் தலைவர் இளவேட்டனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் குடிகளும் நலமுற்று வாழ்க.

தங்கள் தமையனார், படைத்தலைவர் நெடுவேட்டனார், சென்ற கோடை முதல் வாளெடுக்கவும் வலுவின்றிச் சோர்ந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அரண்மனை மருத்துவர் பொன்னாதனார் அதனைக் குருதிக்குறை எனக் கருதி, இரும்பு மருந்தாகிய அயச்செந்தூரத்தை நாள்தோறும் கொடுத்துவந்தார். நோய் தணியவில்லை. மேனி வெண்கலம்போல் கருத்தது, விரல் மூட்டுகள் வீங்கின, கல்லீரல் இறுகியது. அளவு போதாதென்று எண்ணி மருத்துவர் மருந்தைக் கூட்ட, நோயும் கூடியது. தாம் கற்றதனைத்தும் தலைகீழானதுபோல் அவர் திகைத்தார்.

அந்நிலையில், அரசருடன் வேட்டைக்குச் சென்றவிடத்துக் காட்டுப்பன்றி ஒன்று படைத்தலைவரின் தொடையைக் கிழித்தது. பெருகிய குருதியைக் கண்டு, இனிப் பிழையார் என்றே மருத்துவர் அஞ்சினார். காயத்தைப் பேணும் பரபரப்பில் அயச்செந்தூரம் நின்றுபோயிற்று. ஆனால் காயம் ஆறுமுன்னரே மூட்டுவலி குறைந்தது. படைத்தலைவர் பசிக்கிறதென்று உணவு கேட்டார். குருதி இழந்தவர் வலுப்பெற்றது எங்ஙனம் என அவையோர் வினவினர்.

உறக்கமின்றி எண்ணியபின் மருத்துவர் உரைத்தது இது: இரும்பு குருதிக்கு வேண்டியதே, ஆயினும் மிகுந்தது வெளியேற வழியின்றி உறுப்புகளில் தங்கி, தசையின் கண்ணுக்கெட்டா நுண்கூறுகளை உள்ளிருந்தே வெதுப்பிச் சிதைக்கிறது போலும். இதை உறுதியாய்ச் சொல்ல அவரால் இயலவில்லை. எனினும் படைத்தலைவரின் இசைவு பெற்று, குருதியோடு மிகுந்த இரும்பும் வெளியேறட்டும் எனக் கையில் குருதிநாளம் திறந்து, இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக வடித்தார். இன்று தமையனார் குதிரை ஏறுகிறார். இறுகிய கல்லீரல் மட்டும் இளகவில்லை.

தங்களுக்கும் அதே சோர்வு கண்டதாகவும், தாங்களும் அதே மருந்தை உண்பதாகவும் தங்கள் தூதர் உரைத்தபோது, மருத்துவர் அவையிலேயே எழுந்து அரசர்முன் வந்தார். உடன்பிறந்தார்க்கும் இந்நோய் வரக்கூடும் என்றும், தாம் அறிந்தது பாதியே என்றும், மீதி விளங்கும்வரை காத்திருக்கத் தங்களுக்குக் காலமில்லை என்றும் அரசரிடம் மன்றாடினார்.

ஆதலால், ஓலை கண்டவுடன் அயச்செந்தூரத்தை நிறுத்துக. இதனைக் கொணர்பவர் பொன்னாதனாரே. அவர் கத்தி எடுக்கையில் தடுக்காது கையை நீட்டுக. இது அரசாணை, தமையனின் வேண்டுகோளும் ஆகும். அரசர் பணித்தவாறு, இவ்வோலையில் இலச்சினை பொறித்தவர் தங்கள் தமையனாரே.