கருஞ்சுழியின் முதுகில் ஏறியவர்கள்

மங்கலம் பெருகுக. மூன்று அருவியும் வற்றாத நெடுங்குன்ற நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் மன்னர் செங்கோடவர்மர் திருவடி வாழ்க. வடகணவாய்க் காவலரும், பகைவரின் முதுகை மட்டுமே கண்டவருமாகிய தண்டநாயகர் காடவராயருக்கும், அவர் கோட்டைக்கும், படைவீட்டுக்கும் நலம் வேண்டி, மன்னர் ஆணைப்படி மந்திரி பூதங்கண்ணன் விடுக்கும் ஓலை. உங்கள் கிணறுகள் ஊறுக, குதிரைகள் கொழுக்க, வீரர்தம் இல்லங்களில் குறைவின்றி அடுப்பெரிக.

குதிரைத்தலைவன் விடங்கன் சேந்தன் முன்னணிக்கு வரும் நாளைக் கேட்டு நீர் மும்முறை ஆள் விட்டீர். அவன் வராத காரணத்தைச் சொல்லி இங்கே ஊரே சிரிப்பாய்ச் சிரிக்கிறது. உமக்கு மட்டும் தெரியாமல் இருப்பது முறையன்று.

அவனுடைய போர்க்குதிரை கருஞ்சுழியை நீர் அறிவீர். மன்னர் தம் கையால் அளித்தது. முழங்காலால் விலாவை அழுத்தினால் போதும், எதிரே வேலா நெருப்பா என்று பாராமல் பாயும். சேந்தன் அதை அப்படிப் பழக்கியிருந்தான். அவன் செய்த ஒரே பிழை, மைத்துனன் நக்கன் ஆசைப்பட்டுக் கேட்டபோது இல்லை என்று சொல்லாததே. திடலைச் சுற்றி ஒரே ஒரு சுற்றுப் போதும் என்றான் நக்கன். சேந்தன் கடிவாளத்தைத் தானே பிடித்துக்கொண்டு நடந்தான். அத்தோடு முடிந்தது என்று நினைத்தான், பாவம்.

மைத்துனனுக்குக் கொடுத்ததை மாமனாருக்கு எப்படி மறுப்பது? மாமனாரை ஏற்றியதும் சொந்தத் தமையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பெண் வீட்டாருக்குக் குதிரை, கூடப் பிறந்தவருக்கு வெறும் வேடிக்கையா என்று அண்ணியார் நடுத்தெருவில் நின்று கேட்டதாகக் கேள்வி. தமையனையும் ஏற்றினான். பிறகு உடன் விளையாடிய தோழர் இருவர் வந்து நின்றனர். உறவு என்றால்தான் குதிரையோ என்றனர். அவர்களையும் ஏற்றினான்.

குதிரையேற்றம் அறியாதவருக்குப் பயம் வந்தால் முழங்கால் இறுகும். இறுகினால் கருஞ்சுழி பாயும். பாய்ந்தால் இன்னும் இறுகும். மாமனார் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நந்தவனத்து வேலியைத் தாண்டிப் பூப்பறிக்கும் பெண்கள் நடுவே போய் இறங்கியது இவ்வாறுதான். இறங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது.

சேந்தனின் மனைவி நாச்சி, தன் தந்தையின் இடுப்பெலும்பைவிடக் குதிரையின் பாய்ச்சல் பெரிதோ என்று கேட்டு அழுதாள். ஏற்றினால் பழி, ஏற்றாவிட்டால் பகை. அவனுக்கு எந்தப் பக்கமும் வழியில்லை. ஆகவே நான்கு திங்கள் உழைத்து, முழங்கால் அழுத்தினால் நிற்கும்படி கருஞ்சுழியை மாற்றிப் பழக்கினான். அது நிற்பதோடு விடாமல், முன்கால்களை மடக்கி, ஏறியவர் இறங்கும் வரை காத்திருக்கவும் கற்றுக்கொண்டது.

அப்போதுதான் உமது கணவாயில் பகை திரண்ட செய்தி வந்து, மன்னர் படையைப் பார்வையிட எழுந்தருளினார். முரசு முழங்கியது. ஐந்நூறு குதிரைகளின் முன்னே கவசம் பூண்டு நின்ற சேந்தன், பழைய நினைவில் முழங்காலை அழுத்தினான். கருஞ்சுழி பாயவில்லை. மண்டியிட்டது. பின்னால் வந்த குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின.

மன்னர் சிரிக்கவில்லை. இதன்மேல் ஏறியவர் யார் யார் என்று வினவினார். நம் நாட்டுப் பழஞ்சட்டம் உமக்குத் தெரியும். அரசர் அளித்த போர்க்குதிரையில் ஏறியவன் எவனாயினும் அவன் அரசரின் குதிரைவீரன். போர் வந்தால் முன்னணியில் நிற்கக் கடவன். ஏறியவர் பெயரை மறைப்பவன் பதவியும் குதிரையும் இழந்து நாடு நீங்கக் கடவன். சேந்தன் வாளைத் தொட்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னான். மாமனாரின் பெயரை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான். மன்னர் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. ஐந்து பெயர்கள் ஆயின. வேறு எவரேனும் உளரோ என்று மன்னர் கேட்டார். அவன் தலைநிமிர்ந்து, இல்லை என்றான்.

அது பொய்.

வசந்தவிழாவுக்கு மறுநாள், பிடரிமயிரை இரு கையாலும் பற்றி, கண்ணை இறுக மூடி, தெய்வம் ஒன்று விடாமல் கூவி அழைத்து, இறங்கியபின் குதிரையேற்றம் எளிய கலை என்று அரைநாழிகை விரித்துரைத்த பருத்த மனிதர் ஒருவர் உண்டு. அவர் தோழமையில்தான் கேட்டார். மந்திரி வாய்திறந்து கேட்டால் குதிரைத்தலைவன் மறுக்க முடியுமா என்று அன்று அவருக்குத் தோன்றவில்லை. இன்று தோன்றுகிறது, நெஞ்சு சுடுகிறது. பெண் கொடுத்த மாமனாரின் பெயரையே சொன்னவன், மன்னரின் அருகில் எழுத்தாணியோடு நின்ற அவர் பெயரை மட்டும் விழுங்கிவிட்டான். தம் பெயரைச் சொன்னால் அவருக்குப் போர்முனை. சொல்லாவிட்டால், என்றேனும் ஒருநாள் அந்தப் பொய் வெளிப்பட்டுச் சேந்தனுக்கு நாடே இல்லை. மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தகைய ஆணையோலையை அவையில் உரக்கப் படித்து முத்திரை விழும்வரை சாட்சி முற்றுப்பெறாது என்பதும், விட்டுப்போன பெயரை ஏறியவனே வந்து சேர்த்தால் முன்பு மறைத்தவன்மேல் குற்றமில்லை என்பதும் அதே பழஞ்சட்டம். இப்போது இந்த ஓலையைக் கேட்க அவை கூடியிருக்கிறது. அரக்கு உருகுகிறது. சேந்தன் எதிரே நிற்கிறான். இதில் எழுதியிருப்பதை அறியான்.

ஆகவே, தண்டநாயகரே, அறுவரை முன்னணியில் ஏற்றுக்கொள்க. மாமனாருக்கு வயதான பெண்குதிரை ஒன்று தருக. சேந்தன் குற்றமற்றவன், கருஞ்சுழியும் தலைமையும் அவனுடையனவே. குதிரையைப் பழையபடி திருத்த அவனுக்குப் பத்து நாள் பொறுக்க. இது மன்னர் ஆணை. தலைமேற்கொண்டு வழுவாது செய்க. படித்து முடித்து, முத்திரை வைத்து விடுக்கப்பட்டது.

இவை, கருஞ்சுழி ஏறிய ஆறாமவன், குதிரைவீரன் பூதங்கண்ணன் எழுத்து.