ஆறு மணிப் புள்ளி

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தொடங்குவதுதான் முறை, தொடங்கிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பாவின் கையில் அவருடைய வாட்சைக் கட்டிவிடச் சொல்லி உன்னிடம் கொடுத்தேன். நீ நான் செய்த நகலை அவர் கையில் கட்டி மண்ணுக்குள் அனுப்பிவிட்டு, அவருடைய அசலை உன் கையில் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டாய். அதற்குப் பெயர் திருட்டு. அவசரத்தில் மாறிப்போயிற்று என்று சொல்லிவிடாதே. அசல் பச்சைத் துணியின் மேல் இருந்தது, நகல் தகர டப்பாவுக்குள் இருந்தது, டப்பாவைத் திறக்காமல் நகல் வெளியே வராது. அண்ணனின் குளிர்ந்த கையைத் தொட்டுக் கட்ட மனம் வராததால்தான் அந்த வேலையை உன்னிடம் கொடுத்தேன், இல்லாவிட்டால் நானே கட்டியிருப்பேன். போனில் இதைச் சொல்லலாம், ஆனால் நீ சிரிப்பாய், பிறகு லைன் சரியில்லை என்பாய். காகிதத்தோடு அப்படிச் செய்ய முடியாது, கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

உன் பெரியப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், வாழ்நாளில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அந்த வாட்ச். வேலைக்குக் கட்டிப் போனால் கெட்டுவிடும் என்று பயந்து என்னிடம் நகல் கேட்டார். எனக்கு யாரும் இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கவில்லை, லிஃப்ட் ரிப்பேர் பார்த்துக்கொண்டே பழைய வாட்சுகளைப் பிரித்துப் பிரித்துப் பழகியதுதான், அது உனக்கே தெரியும். மலிவான டூப்ளிகேட் ஒன்றை வாங்கி அதன் மெஷினை எடுத்துவிட்டு நல்ல மெஷின் போட்டேன், முட்களை மாற்றினேன், கேஸுக்கு முதலில் செம்பு ஏற்றி அதன் மேல் தங்க முலாம் பூசினேன். அவர் தன் அறைக்குள் நுழையும்போதெல்லாம் இடது கை கதவின் இரும்புத் தாழ்ப்பாளில் இடிக்கும், அதனால் அசலின் மேல் மூலையில் ஒரு நசுங்கல் விழுந்திருந்தது, அந்த நசுங்கலைக்கூட அரம் வைத்து நகலில் கொண்டுவந்தேன். அவரோ என்னை டூப்பு என்றுதான் கூப்பிடுவார். எங்கடா டூப்பு, மணி என்னடா, உன் மணி சொல்லாதே, நிஜ மணி சொல்லு என்பார். போகிற நாள் நெருங்கியபோது நம் எல்லோர் முன்னாலும் படுக்கையில் இருந்தபடி என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? வேலைக்குப் போனதெல்லாம் போதும்டா, போறப்ப நல்லதக் கட்டி அனுப்பு, டூப்பக் கட்டி அனுப்பினே, திரும்பி வந்து மாத்திக்கிட்டுப் போவேன் பாத்துக்கோ என்றார். நாம் சிரித்தோம். எல்லோரையும்விட அதிகம் சிரித்தது நீ.

அடக்கத்துக்கு மறுநாள் நீ என்னிடம் வந்து, நகலை நான் ஞாபகமா வச்சுக்கறேன்ப்பா, நீங்க செஞ்சதாச்சே என்று கேட்டாயே, அதை நான் மறக்க மாட்டேன். ஆயுசில் முதல் முறையாக என் கைவேலையை என் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறது என்று உன் அம்மாவிடம் பெருமையடித்தேன், அவள் கேலி செய்யும் அளவுக்குப் பேசினேன். உன் கையில் இருந்தது என் வேலையே இல்லை. ஊரில் நகலை அசல் என்று சொல்லி ஏமாற்றுகிறவர்கள் உண்டு, நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன் இல்லை. நான் செய்யும் ஒவ்வொரு நகலிலும் ஒரு குறையை வேண்டுமென்றே வைப்பேன், எந்த நகலும் அசலின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக. பெரியப்பாவின் நகலில் ஆறு மணி இடத்தில் உள்ள வெள்ளைப் புள்ளி மற்றப் புள்ளிகளைவிடச் சிறியது. இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். நீ என் நகலையே பொய் சொல்ல வைத்துவிட்டாய், அதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

நீ போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாய். கையில் கட்டியிருந்தால் வாட்ச் நின்றுவிடுகிறது, கழற்றி மேசையில் வைத்தால் ஓடுகிறது என்றாய். கை அசைவில் தானாகச் சாவி ஏறும் வாட்ச் அது, கையில் ஓடி மேசையில் நிற்பதுதான் அதன் இயல்பு, நீ சொன்னதைக் கேட்டதும் நீதான் ஏதோ மாற்றிச் சொல்கிறாய் என்று நினைத்தேன். தூங்கும்போதும் கழற்றாதே, சாவி ஏறட்டும் என்று வைத்தியம் சொன்னவன் நானே. படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், அனுப்பினாய். ஆறு மணியில் புள்ளி முழுதாக இருந்தது. அன்றைக்கு நான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவைத்தேன், உன் அம்மா எனக்கு வயிறு சரியில்லை என்று நினைத்துக் கஞ்சி வைத்தாள்.

அதற்கு முன்பே இங்கே வேறொன்று ஆரம்பித்திருந்தது. பெரியப்பாவின் அறையைப் பூட்டித்தான் வைத்திருக்கிறோம், பெரியம்மா முழங்கால் வலியால் முன்னறையில்தான் படுக்கிறார். ஒருநாள் காலையில் தாழ்ப்பாளில் புதுக் கீறல் இருந்தது. பெருக்க வருகிற அம்மாள் வாளியை இடித்திருப்பாள் என்று அவளைத் திட்டினேன், அவள் நான் அந்தப் பக்கமே போறதில்லீங்க என்று முறைத்துக்கொண்டு போனாள். மறுநாளும் கீறல். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டேன், புதியதிலும் அதே இடத்தில், மணிக்கட்டு உயரத்தில் கீறல். கீறலில் ஏதோ மினுங்கியது, இடுக்கியால் எடுத்துக் கண்ணில் லென்ஸை இடுக்கிப் பார்த்தேன். தங்கத் துணுக்கு, அதன் அடிப்பக்கம் சிவப்பாகச் செம்பு. அசல் முழுத் தங்கம், அதிலிருந்து செம்பு உதிராது. அது நான் பூசிய முலாம். என் கையால் ஏற்றியதை எனக்குத் தெரியாதா? பேய் பிசாசு என்று நான் சொல்லவில்லை, இந்த வயதில் அந்தப் பேச்சுக்கு என்னை யாரும் இழுக்கவும் முடியாது. நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். பெரியம்மா துணுக்கை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அவரு கைய இடிச்சுக்காம என்னிக்கு உள்ள வந்திருக்காரு, தேடிட்டுப் போகட்டும் விடுங்க தம்பி என்றார்.

இரண்டு வாரமாகத் தாழ்ப்பாளில் ஒன்றுமில்லை, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது. சரி, ஓய்ந்தது என்று நினைத்த சமயத்தில்தான் உன்னுடைய கடைசிச் செய்தி வந்தது. வாட்ச் இப்போது கையிலேயே ஜோராக ஓடுகிறது என்று சந்தோஷமாகச் சொல்லியிருந்தாய். அங்கே கடைக்காரர் கண்ணி எடுத்துச் சிறிதாக்கிய செயின் திரும்ப உன் கையில் தொளதொளவென்று கிடக்கிறது, அவரிடம் சண்டை போட வேண்டும் என்றாய். கண்ணிகளுக்கு நடுவில் ஏதோ மண் அடைத்திருக்கிறது, பல் தேய்க்கும் பிரஷ் போட்டும் போகவில்லை என்றாய். இந்தச் சில நாளாக எந்தக் கதவில் நுழைந்தாலும் இடது கை போய் இடிக்கிறது, எனக்கும் பெரியப்பா வியாதி வந்துவிட்டது என்று சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தாய். கூடவே ஒரு படம். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன், பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறு மணியில் புள்ளி சிறிதாக இருக்கிறது. உன் கையில் இருப்பது என் நகல். சவப்பெட்டியை மூடுமுன் அவர் கையில் நீ கட்டிய அதே நகல், அதன் மேல் மூடி போட்டு ஆணி அடித்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். செயின் பெரிதாகவில்லை, அது அவருடைய அளவு. சொன்னபடி வந்து மாற்றிக்கொண்டு போயிருக்கிறார், அவ்வளவு தூரம் வந்து, நீ தூங்கும்போது, உன் கையைத் தொட்டு ஒன்றைக் கழற்றி இன்னொன்றைக் கட்டியிருக்கிறார். நீ விழிக்கவில்லை. என் அண்ணன் அதட்டுவாரே ஒழிய உன்னை ஒருநாளும் அடித்ததில்லை, அந்த ஒரு நினைப்பில்தான் என் கையில் பேனா நிற்கிறது. ஆனால் தாழ்ப்பாளில் இடித்த கை இப்போது உன் வீட்டுக் கதவில் இடிக்கிறது, அதை நான் சும்மா விடுவதாக இல்லை.

அதனால் யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன், மறுபேச்சு வேண்டாம். நீ இந்த வரியைப் படிக்கும்போதே வாட்சைக் கழற்று, மீதியை அப்புறம் படி. மண்ணைத் தேய்க்காதே, கழுவாதே, கடைக்காரர் கையில் கொடுக்காதே, பார்சலில் அனுப்பாதே, துணியில் சுற்றி நீயே கொண்டு வா. லீவு இல்லை என்றால் லீவு கேள், கிடைக்காவிட்டால் வேலையை விடு, வேறு வேலை கிடைக்கும். வந்ததும் முதலில் வீட்டுக்கு வராமல் கல்லறைக்குப் போக வேண்டும், அங்கே நீ செய்ததை உன் வாயால் அவரிடம் சொல்ல வேண்டும், உனக்காக நான் சொல்ல மாட்டேன். பெரியம்மா உன்னோடு வருவார், முழங்கால் வலியோடு வருவார், திரும்பும் வரை உன் கையை விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார், இடது கையை அவரிடம் கொடு. உன் அம்மா ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அவளுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம், என்னம்மா திடீர்னு வந்துட்டே என்று கேட்டால் எங்களைப் பார்க்கத் தோன்றியது என்று சொல். நகலை நான் பிரிப்பேன், மெஷின் வேறு கேஸ் வேறு டயல் வேறாக, இனி அது எந்தக் கையிலும் ஏறாது. தாழ்ப்பாளை இன்றைக்கே கழற்றிவிடுகிறேன், அந்தக் கதவு திறந்தே கிடக்கட்டும்.

திட்டித்தான் எழுதியிருக்கிறேன், பிள்ளை மேல் ஆசை இல்லாதவன் இவ்வளவு எழுத மாட்டான். நீண்ட ஆயுசோடு, நோய் நொடி இல்லாமல், நீ நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. வந்து சேரும் வரை எந்தக் கதவில் நுழைந்தாலும் இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நுழை. அப்படியும் இடித்தால் திரும்பிப் பார்க்காதே, வர்றேன் பெரியப்பா என்று மட்டும் சொல்.

உன் அப்பா