நாற்பத்தொரு பேர் வந்த புதன்கிழமை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்தையும் ஒற்றை வரியில் முடிக்காமல் விவரமாக எழுது. முன்பெல்லாம் நான் சுகம் என்று எழுதியது பாதிப் பொய், இன்றுதான் முழு மனதோடு எழுதுகிறேன்.

பதினான்கு வருஷம் ராணுவ ஆம்புலன்ஸை மேடு பள்ளத்தில் ஓட்டிய இடுப்பு இது, உனக்குத் தெரியும். தும்மினால், படியேறினால் சிறுநீர் கசியும், அதை மட்டும் உன்னிடம்கூடச் சொன்னதில்லை. முன்னாள் படையினர் ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு எழுதுகிறவர், "வீட்டுக்காரர் எந்த ரெஜிமெண்டும்மா?" என்பார். உன் அப்பாவோ தையல்காரர், ஊசியைத் தவிர வேறு ஆயுதம் தொடாதவர். உள்ளே ஆண் டாக்டர், ஆண்கள் வரிசை, பாதி மூடிய திரை. இடுப்பு வலி என்றதற்கு, "பிள்ளை பெத்தவங்களுக்கு வர்றதுதான்" என்று மாத்திரை எழுதினார். மற்றதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

என்னோடு படையில் இருந்த வயர்லெஸ் அக்காவை நினைவிருக்கிறதா? மார்பில் வந்த கட்டியை அந்தத் திரைக்குப் பயந்தே ஒன்றரை வருஷம் மறைத்திருக்கிறார். ஆபரேஷன் ஆகி, முடி கொட்டி, பிழைத்து எழுந்தவர் நேரே நம் வீட்டுக்கு வந்து, "எனக்கு வந்தது இன்னொருத்திக்கு வரக்கூடாது, கிளம்பு" என்றார். பழைய தோழிகளை வீடு வீடாகத் தேடிப் போனோம், ஆஸ்பத்திரியில் பெண்களுக்குத் தனி அறை கேட்ட மனுவில் சமையல் பிரிவு, நர்ஸ், ஸ்டோர் என்று பத்தொன்பது பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். தலைமை டாக்டர் எட்டு மாசம் இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் கூப்பிட்டு, "பெண்கள் யாரும் வர்றதே இல்லையே, யாருக்காக அறை?" என்று கேட்டார். அக்கா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மேஜைமேல் வைத்து, "வராததாலதான் சார் இப்படி ஆச்சு. வர்ற மாதிரி ஒரு கதவு வைங்க, அப்புறம் எண்ணிப் பாருங்க" என்றார். தலைமை டாக்டர் மனுவைத் தன் பக்கம் இழுத்து, சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நேற்று புதன்கிழமை எங்கள் அறையைத் திறந்தார்கள். பெண் டாக்டர், தாழ்ப்பாள் உள்ள கதவு. பத்து நாற்காலிதான் போட்டிருந்தார்கள், பதினொரு மணிக்கெல்லாம் நாற்பத்தொரு பேர் வந்துவிட்டோம், சிலர் மூன்று பஸ் மாறி! ஆண்கள் பகுதியிலிருந்து ஒரு பழைய பீரங்கிக்காரர் ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டே நாற்காலி தூக்கி வந்து, "இத்தனை பேரும் எங்கம்மா இருந்தீங்க?" என்றார். "உங்க பக்கத்துலதான் அண்ணே" என்றார் அக்கா. கூடமே சிரித்தது.

டாக்டர் அரை மணி நேரம் என்னைப் பேசவிட்டார், வாயில் வராது என்றிருந்ததெல்லாம் வந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்: இடுப்பெலும்பில் பழைய விரிசல், படையில் இருந்தபோது என் ஆம்புலன்ஸ் கவிழ்ந்த அன்று பட்டது, கோணலாகக் கூடியிருக்கிறதாம். கசிவு பயிற்சியிலேயே குறையும் என்றார். "இது சர்வீஸ்ல பட்ட காயம்" என்று என் கண்ணெதிரே எழுதினார். வெளியே வந்து அழுதேன், அப்புறம் பசித்தது, மூன்று இட்லி அதிகமாகச் சாப்பிட்டேன்.

போன கடிதத்தில் ஒரு வரியோடு நிறுத்திய உன் முதுகுவலியைக் கூச்சப்பட்டு மூடி வைக்காதே, இந்த வாரமே காட்டு. நோய்நொடி அண்டாமல் நூறு வயது இரு. இதை எழுதும்போதே அக்காவின் போன்: அடுத்த புதனுக்கு இன்னொரு அறை போதுமா என்று தலைமை டாக்டரே கேட்டாராம். இரண்டு வேண்டும் என்று சொல்லிவிட்டோம்.

உன் அம்மா,
முன்னாள் ராணுவ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்